சோறு நீலம் பாரித்த கதை

முதலில் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன். வித்தை காட்டுகிறவர்கள் செய்யவே கூடாத காரியம் இது. ஆனால் இந்த வித்தையில் முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பதுதான் ரகளை!

பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் டிஞ்சர் அயோடின். பிளாஸ்டிக் புட்டியில் மயில் கழுத்து நிறத்தில் பெனடிக்ட் கரைசல். சோதனைக் குழாய்கள் அரை டஜன், அவற்றைப் பிடிக்கத் துணி காயப்போடும் மர கிளிப். காதுக்கு மருந்து விட வாங்கி, பிறகு அறிவியலுக்குப் பதவி உயர்வு பெற்ற சொட்டுக் குழாய் ஒன்று. ஸ்பிரிட் விளக்கு, தீப்பெட்டி, எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் சர்க்கரை, ஒரு பொட்டலம் குளுக்கோஸ், கொஞ்சம் சமையல் சோடா, கை துடைக்கப் பழந்துணி. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே திண்ணைக்கு இழுத்துவிடலாம்.

ஊர், பசியாவரம். பழவேற்காட்டுக் கடைத்தெருவைத் தாண்டி ஏரிக்குள் இருக்கிற மீனவ ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், காயும் வலை, ஐஸ் பெட்டி, எறா வாடை. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கண்டுபிடிக்கிற சோதனைக்கு, மீனைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஊருக்கு ஏன் வரவேண்டும்? காரணம் இந்த ஏரியிலேயே இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இந்த வேலையை வருடம் முழுக்கச் செய்கிற பெரிய பட்டாளமே தமிழ்நாட்டில் இருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றத்தைத்தான் சொல்கிறேன். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்காக, கருத்தாளர்கள் ஆய்வுப் பொருள்களைச் சுமந்துகொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். ஆய்வகம் இருக்கும் இடத்துக்குப் பிள்ளை போவது பழைய முறை. பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஆய்வகம் பைக்கில் வருவது புது முறை. அவர்களுடைய பையையும் என் பையையும் மாற்றி வைத்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். துணி கிளிப் உட்பட!

சரி, ஆட்டம் தொடங்கட்டும்.

திண்ணை வீட்டு ஆயா, வடித்த கஞ்சி ஒரு தம்ளர் கொடுத்தார். அப்படியே பயன்படுத்தினால் காட்சி கெட்டுவிடும் என்பதுதான் மேடைக்குப் பின்னால் இருக்கிற முதல் ரகசியம். கெட்டிக் கஞ்சியில் டிஞ்சர் விழுந்தால் தார் பூசிய மாதிரி கறுப்பாகும், நீலமே தெரியாது. ஒரு ஸ்பூன் கஞ்சிக்கு ஒரு தம்ளர் தண்ணீர். டிஞ்சரையும் அப்படியே விடாமல், அரைக் கப் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டு வெளிர் பழுப்பாக்கிக்கொள்ள வேண்டும். டிஞ்சர் கிடைக்காவிட்டால் புண்ணுக்குப் போடுகிற பெட்டாடினை நீர்க்கவிட்டாலும் போதும். கெளுத்தி முள் குத்துகிற ஊரில் அது இல்லாத வீடு ஏது?

"யக்கா, சோத்துத் தண்ணில இன்னாத்துக்கு மருந்து ஊத்துற?" என்றான் முன்வரிசைப் பையன். ஒரு சொட்டு விட்டேன். விழுந்த இடத்தில் ஒரு நீல நூல் இறங்கியது, விரிந்தது, குழாய் முழுக்கப் பரவியது. "ஐயோ, வெசம் ஏறிடுச்சு!" என்று ஒருத்தி கத்தினாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் குறைவே இல்லை. அன்றைக்குப் பாடு இல்லாத வீட்டு ஆண்கள்கூட, ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர்கள் மாதிரி வந்து நின்றார்கள்.

(பாடு என்பது பழவேற்காட்டு மீனவர்களின் முறைவைப்பு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வது. அது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இப்போது அந்த நீலத்துக்குள் போய்ப் பார்ப்போம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சரம். இரண்டு ரகம் உண்டு: கிளை விடாமல் நீளமாகப் போவது அமைலோஸ், கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெக்டின். அமைலோஸ் சும்மா நேராக நிற்காது. சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் வீதம் சுருண்டுகொள்ளும். சுருளின் நடுவே ஒரு குழல். அந்தக் குழலுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே தனியாகத் திரியும்போது பழுப்பு; உள்ளே வரிசையில் உட்கார்ந்ததும் எலெக்ட்ரான்களின் போக்கு மாறி, ஒளியில் மஞ்சள், சிவப்புப் பகுதியை விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்கு வருவது நீலம். அமைலோபெக்டினில் நீளமான சுருள் கிடையாது என்பதால் அதோடு சேர்ந்தால் ஊதாச் சிவப்புதான். தென்கிழக்கு ஆசியாவில் சாப்பிடுகிற ஒட்டும் அரிசியில் கிட்டத்தட்ட முழுக்க அமைலோபெக்டின். அதில் அயோடின் விட்டால் செம்பழுப்பாக நின்றுவிடும். நம் சாப்பாட்டு அரிசி உதிர்கிற ரகம். அதனால்தான் இவ்வளவு பளிச் நீலம்.

அயோடினின் பூர்வீகம் தெரிந்தால் மீனவ ஊருக்கு அது அந்நியமே இல்லை என்று புரியும். பிரான்சில், நெப்போலியன் போர்களின் காலத்தில், வெடிமருந்துக்கு வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார் பெர்னார் கூர்த்துவா. 1811இல் கடல்பாசிச் சாம்பலை வைத்து வேலை செய்தபோது கந்தக அமிலம் கொஞ்சம் கூடுதலாக விழ, ஊதா நிற ஆவி குபுகுபுவென்று எழுந்தது. அதுதான் அயோடின். மூன்றே வருடத்தில், 1814இல், கொலின், கோத்தியே த குளோப்ரி என்ற இருவர் மாவுச்சத்து அதில் நீலமாவதை எழுதிவைத்துவிட்டார்கள். இருநூறு வருடம் தாண்டியும் அதே சொட்டு, அதே நீலம்.

அடுத்த காட்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நீலமான குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். ஏரிக் காற்றில் விளக்கு மூன்று தடவை அணைந்தது. இரண்டு பேர் ஐஸ் பெட்டி மூடியைத் தூக்கிப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். கரைசல் சூடேற ஏற நீலம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. "போச்சு, அக்கா சொதப்பிட்டாங்க" என்று பின்வரிசையில் ஒரு நிம்மதி. குழாயைக் குவளைத் தண்ணீரில் முக்கினேன். அடியிலிருந்து நீலம் ஏறி வந்தது! அப்புறம் என்ன, "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்று விளக்கில் ஸ்பிரிட் தீரும்வரை விடவில்லை.

சூட்டில் சுருள் தளர்ந்து அயோடினை விட்டுவிடுகிறது. ஆறியதும் மறுபடி சுருண்டு பிடித்துக்கொள்கிறது. விளையாட்டு மாதிரி இருந்தாலும் இதில் ஒரு காரியம் இருக்கிறது. பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் சொல்கிற முறை இதுதான்: 2, 3 மில்லி பாலை 5 மில்லி தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, 2, 3 சொட்டு டிஞ்சர் விட வேண்டும். நீலமானால் மாவு உண்டு. பலரும் அந்த 'ஆறவைத்து' என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொதிக்கிற பாலில் டிஞ்சரை விட்டால் கலப்படப் பாலும் யோக்கியன் வேஷம் போடும்.

எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு காட்சி உண்டு. நீலக் குழாயில் சாறு சொட்டச் சொட்ட நிறம் போய்விடும். இந்தத் தடவை எவ்வளவு ஆறவைத்தாலும் திரும்பாது. சாற்றிலிருக்கும் வைட்டமின் சி, அயோடினை அயோடைடாக மாற்றிவிடுவதால் நீலமாக அங்கே ஆளே இல்லை. மேடைக்குப் பின்னால் இதன் நிஜப் பயன் வேறு: விரலில், பாவாடையில் பட்ட டிஞ்சர் கறைக்கு எலுமிச்சைதான் துணை. அம்மாவிடம் அடி வாங்காமல் தப்பிக்க விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் இதுவே அன்றைய முக்கியப் பாடம்.

பிறகு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று திண்ணைக்காரர்களுக்குத் தோன்றியிருக்கும். "வீட்ல இருக்கறத ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

வந்தது பாருங்கள் ஊர்வலம்! இட்லி வந்தது, கறுத்தது. பன் கறுத்தது. பிஸ்கட் கறுத்தது. உருளைக்கிழங்கு, சொல்லவே வேண்டாம். தயிர் அசையவில்லை. வெங்காயத்தில் எல்லோரும் நீலத்தை எதிர்பார்த்தார்கள், பழுப்பாகவே நின்றது. வெங்காயம் தன் சேமிப்பை மாவாக வைத்துக்கொள்வதில்லை, சர்க்கரை ரகங்களாக வைத்துக்கொள்கிறது. கண்ணீர் வரவைக்கிற அந்தக் காரத்துக்குப் பின்னால் இனிப்பு ஒளிந்திருப்பது, வதக்கும்போது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது.

வாழைக்காயும் வாழைப்பழமும் அருகருகே வைத்தோம். காய் கன்னங்கரேல். நன்றாகப் பழுத்த பழத்தில் அங்கங்கே ஒரு நிழல், அவ்வளவே. காயில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிவிடுகிறது. ஆப்பிள் தோட்டக்காரர்கள் பறிக்கும் நாளைக் குறிக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள்: பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடினில் தோய்த்து, எவ்வளவு தூரம் கறுக்கிறது என்று அட்டவணையோடு ஒப்பிடுவார்கள்.

மீன் விஷயத்தில் ஒரு அம்மாவுக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. வறுத்த கிழங்கான் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சொட்டு விட்டதும் மேல்தோல் கறுத்தது. "எங்க மீன்ல மாவா? காலைல புடிச்ச மீனு கண்ணு அது!" என்று கொதித்தார். மீனைப் பிட்டு உள்சதையில் ஒரு சொட்டு விட்டேன், பழுப்பு மாறவில்லை. கறுத்தது மசாலாவில் மொறுமொறுப்புக்குச் சேர்த்த சோளமாவு. எறா, நண்டு, மடவை, கருவாடு, எதிலும் மாவுச்சத்து கிடையாது. விலங்குகள் சேமிக்கிற சரக்கு கிளைகோஜன். அது அமைலோபெக்டினைவிடவும் அதிகமாகக் கிளை விட்டது. மட்டியில் அது நிறையவே உண்டு, ஆனால் அயோடினோடு சேர்ந்தால் செம்பழுப்புதான் காட்டும். பழுப்புச் சொட்டின் மேல் செம்பழுப்பைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும். திண்ணை வெளிச்சத்தில் நாங்கள் அந்த முயற்சியைக் கைவிட்டோம். பெரிய ஊர்க் கடைகளில் உறைபனிப் பெட்டியில் விற்கிற 'நண்டு ஸ்டிக்' மட்டும் கறுக்கும். மீன் கூழில் மாவு சேர்த்துச் செய்வது அது. நண்டுக்கும் அதற்கும் பெரும்பாலும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.

மஞ்சள்தூளில்தான் கலவரம் ஆகப் பார்த்தது. சொட்டு விட்டதும் கறுத்தது. "கடைக்காரன் மாவு கலந்துட்டான்" என்று ஒரு குரல் எழுந்தது. நல்லவேளை, பாவம் அந்தக் கடைக்காரர் அங்கே இல்லை. மஞ்சள் ஒரு கிழங்கு. கிழங்கென்றால் மாவுச்சத்து இருந்தே தீரும். சுத்தமான மஞ்சளும் கறுக்கும், கலப்பட மஞ்சளும் கறுக்கும். அரைத்த மசாலாப் பொருள்களில் மாவு கலப்பைப் பார்க்க அயோடினைப் பரிந்துரைக்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையமே, மஞ்சள்தூளுக்கு இந்தச் சோதனை ஆகாது என்று விலக்கு எழுதிவைத்திருக்கிறது. சமூக ஊடகங்களில் மஞ்சளைக் கறுக்கவைத்து யார் மேலாவது பழி போடுகிற காணொளி வந்தால், பகிர்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அயோடின் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: மாவுச்சத்து இருக்கிறதா? யார் போட்டது, எதற்குப் போட்டது என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

அடுத்து, எச்சில். ஆமாம், எச்சில்! பிள்ளைகள் அடைந்த பரவசத்தை விவரிக்க முடியாது. இரண்டு குழாயில் ஒரே நீர்த்த கஞ்சி. ஒன்றில் ஒருவன் பெருமையோடு துப்பினான். மனித உடம்புச் சூடு வேண்டும் என்பதால் இரண்டையும் அவன் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டு உட்காரவேண்டும். கூட்டமே அவன் கக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து இரண்டிலும் அயோடின் விட்டபோது எச்சில் படாதது நீலம், எச்சில் பட்டது பழுப்பு. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, சரத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கிவிட்டது. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அந்தப் பையனை அன்று மாலைவரை எல்லோரும் 'சக்கரைவாயன்' என்றே கூப்பிட்டார்கள்.

சர்க்கரை என்றதும் நீலப் புட்டிக்கு வேலை வந்துவிட்டது. பெனடிக்ட் கரைசலில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். கூடவே சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட். 1909இல் ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்கர் வெளியிட்ட சேர்மானம். இதோடு குளுக்கோஸைக் கலந்து சூடாக்கினால், சர்க்கரை செம்புக்கு எலெக்ட்ரான் கொடுத்து அதைச் செங்கல் நிற செம்பு ஆக்சைடாகப் படியவைக்கும். கொஞ்சமாக இருந்தால் பச்சையோடு நிற்கும், கூடக்கூட மஞ்சள், ஆரஞ்சு, செங்கல். கொதிக்கும்போது இது துப்பாக்கி மாதிரி தெறிக்கும் பேர்வழி. அதனால் குழாய் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடிப்பது கட்டாயம். வெந்நீர்ச் சட்டியில் நிற்கவைப்பது அதைவிட உத்தமம்.

குளுக்கோஸ் பொட்டலம் சொன்னபடி சிவந்தது. எச்சில் கஞ்சி சிவந்தது. வெங்காயச் சாறு சிவந்தது, கைதட்டல். பிறகு டீக்குப் போடுகிற சர்க்கரையைக் கரைத்து விட்டேன். கொதிக்கிறது, கொதிக்கிறது, நீலம் நீலமாகவே இருக்கிறது. "டூப்ளிகேட் சக்கரையாக்கா?"

இல்லை, அசல் சர்க்கரை! இந்தச் சோதனையின் மிகப் பெரிய வேடிக்கையே இதுதான்: சர்க்கரைக்கான சோதனையில் சர்க்கரை பெயில். டீச்சர்க்கரை என்பது சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் எலெக்ட்ரான் கொடுக்கிற கைகளையே கோத்துக்கொண்டு நிற்கின்றன. கொடுக்கக் கை ஓய்ந்தால்தானே! அந்தக் கரைசலில் எலுமிச்சை பிழிந்து சில நிமிடம் கொதிக்கவிட்டேன். அமிலம் அந்தக் கோப்பைப் பிரித்துவிடும். பிறகு நுரை அடங்கும்வரை சமையல் சோடா போட்டு அமிலத்தை முறித்து, மறுபடியும் பெனடிக்ட். இந்தத் தடவை செங்கல். பதநீர் இறக்குகிறவர்கள் பானையில் சுண்ணாம்பு தடவுவதன் பின்னாலும் இந்தக் கணக்கு உண்டு: புளிப்பு ஏறவிடாமல் சுண்ணாம்பு தடுப்பதால் சுக்ரோஸ் உடையாமல் நிற்கிறது, கள்ளாகவும் மாறுவதில்லை.

கூட்டத்தில் நின்ற ஒரு பெரியவர் நீலக் குழாயைப் பார்த்ததும் சிரித்தார். "இத ஸ்டான்லி ஆஸ்பத்திரில பாத்துருக்கேன்மா. ஒண்ணுக்கு ஊத்திக் காய்ச்சுவாங்க." வடசென்னைக்கும் அதற்கு வடக்கே இருக்கிற மீனவ ஊர்களுக்கும் ஸ்டான்லிதானே பெரிய ஆஸ்பத்திரி. அங்கேதான் 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனி கிளினிக் தொடங்கினார். இந்தியாவிலேயே முதல் நீரிழிவு கிளினிக் என்று அதைச் சொல்வார்கள். 5 மில்லி பெனடிக்ட், 8 சொட்டு சிறுநீர், கொதி, நிறம் பார்; ஒரு தலைமுறை மருத்துவப் பணியாளர்களுக்கு மனப்பாடமாகியிருந்த கணக்கு இது. அதிலும் மஞ்சள்தூள் மாதிரி ஒரு வம்பு இருந்தது: பால் கொடுக்கும் தாய்மார்களின் சிறுநீரில் பால்சர்க்கரை வரலாம், அதற்கும் பெனடிக்ட் சிவக்கும். குளுக்கோஸுக்கு மட்டுமே பதில் சொல்கிற நொதிப் பட்டை 1956இல் வந்த பிறகுதான் அந்த வம்பு தீர்ந்தது. இன்றைய குளுக்கோமீட்டரில் செருகுகிற பட்டை அந்த வம்சம்.

இனி, ஆட்டத்தைத் தலைகீழாகத் திருப்பலாம். அயோடின் மாவைக் காட்டிக்கொடுக்கும் என்றால், மாவும் அயோடினைக் காட்டிக்கொடுக்கும் அல்லவா?

சமையல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 2006 மே முதல் நாடு முழுக்கத் தடை. வீட்டுக்கு வந்து சேரும்போது உப்பில் குறைந்தது பத்து லட்சத்தில் 15 பங்கு அயோடின் இருக்கவேண்டும். இருக்கிறதா என்று பார்க்க, தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கெடுப்பாளர்கள் வீட்டுக்கு வீடு உப்பு கேட்டு வாங்கி, அதில் ஒரு சொட்டு விட்டு நிறம் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சொட்டில் இருப்பது முக்கியமாக மாவுக் கரைசல்! சென்னையின் எம்.பி.ஐ. நிறுவனம் தயாரித்த இந்தச் சின்னச் சோதனைப் பெட்டி யுனிசெஃப் வழியாகப் பல நாடுகளின் அடுப்படிகளுக்குப் போயிருக்கிறது. ஆனால் வீட்டுக் கஞ்சியை உப்பில் ஊற்றிப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட்; அமிலமும் அயோடைடும் கூட இருந்தால்தான் அதிலிருந்து அயோடின் வெளியே வரும். பெட்டிக்குள் அந்த ஏற்பாடு இருக்கிறது, கஞ்சியில் இல்லை.

கடைசிக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேனே, அந்த ஏரி விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் மீனுக்கு மூச்சு. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 2க்குக் கீழே இறங்கினால் உயிர்ப் போராட்டம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், உப்புத் தண்ணீரில் அதைவிடக் குறைவு. கோடையில் முகத்துவாரம் மணல் மூடி, கடல்தண்ணீர் வரத்து நின்று, ஏரி சுண்டிக்கொண்டே போகும்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும். இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில்தான் அளவு மிகவும் கீழே இருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்தே இங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆய்வாளர்களுக்கு எண் வேண்டும். அந்த எண்ணுக்கு வழி சொன்னவர் புடாபெஸ்ட் நகரத்து லாயோஷ் விங்க்ளர், 1888இல்.

படகில் உட்கார்ந்தபடி 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் ஒரு குமிழிகூட நுழையாமல் ஏரித் தண்ணீரைப் பிடிக்கவேண்டும். படகோ ஆடுகிறது, குமிழி ஒன்று மாட்டினாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டியதுதான். பிடித்த உடனே, அங்கேயே, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே விட்டு மூடிக் கவிழ்த்தால் பஞ்சுப் பஞ்சாக வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு. இல்லவே இல்லை என்றால் வெள்ளை. இனிப் பயமில்லை, ஆக்சிஜன் சிறைப்பட்டுவிட்டது. ஆய்வகத்தில் கந்தக அமிலம் விட்டதும் எவ்வளவு ஆக்சிஜன் இருந்ததோ அதற்குச் சரியான கணக்கில் அயோடின் வெளியே வரும். அதைச் சோடியம் தயோசல்பேட்டால் சொட்டுச் சொட்டாகத் தீர்க்கிறார்கள். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் 'ஹைப்போ' என்பார்களே, அதே உப்பு.

எப்போது அயோடின் சுத்தமாகத் தீர்ந்தது என்று எப்படித் தெரியும்? வெளிர் மஞ்சளுக்கும் வெறும் தண்ணீருக்கும் கண்ணால் எல்லை போடமுடியாது. அங்கேதான் நம் ஆயாவின் கஞ்சி உள்ளே வருகிறது! நிறம் வெளிறி வைக்கோல் மஞ்சளுக்கு வந்ததும் மாவுக் கரைசல் கொஞ்சம் விட்டால் எல்லாம் நீலம். அதற்குப் பிறகு தயோசல்பேட் ஒவ்வொரு சொட்டாக. நீலம், நீலம், நீலம், சட்டென்று ஒன்றுமில்லை. 200 மில்லி தண்ணீருக்கு உரிய வலிமையில் கரைசல் எடுத்திருந்தால், செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். மாவை முதலிலேயே விடக்கூடாது. அயோடின் நிறைய இருக்கும்போது சுருள் அதை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை விடாது. மாவுக் கரைசலையும் அன்றன்று காய்ச்சுவதே நல்லது, பழைய கஞ்சி மாதிரி அதுவும் ஊசிப்போகும். இப்போது மின்கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தக் கருவி சொல்வது சரியா என்று பார்க்க இன்றைக்கும் விங்க்ளரிடம்தான் போகிறார்கள்.

பழவேற்காடு ஏரியின் மூச்சை அளப்பது, சோற்றைக் கண்டுபிடித்த அதே நீலம். இதைச் சொன்னபோது ஆயா தம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "அப்ப கஞ்சிய இனிமே கொட்டக்கூடாது" என்றார்.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், செய்துதான் பாருங்கள். சொட்டு விட்ட எதையும் வாயில் வைக்காதீர்கள், டிஞ்சர் குப்பியைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். இன்னொன்று, இது ஏரிக்கரை, ஆற்றங்கரைக்காரர்களுக்கு: பெனடிக்ட் கரைசல் மிச்சமானால் தண்ணீரில் கொட்டாதீர்கள். அதிலிருக்கும் செம்பு, கொஞ்சமே என்றாலும், எறாக் குஞ்சுக்கும் மட்டிக்கும் நஞ்சு. ஒரு புட்டியில் சேர்த்து மூடி, பக்கத்துப் பள்ளியின் வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.